அருவி முதல் அலைகடல் வரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மூன்று சிகரங்களோடு ஓங்கி நிற்பது திரிகூட மலை. அதன் அடிவாரத்தில் அமைந்த ஊர் குற்றாலம். ஆனி மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் மலைமுகட்டில் மேகம் கவியும். மெல்லிய சாரல் விழும். காய்ந்து கிடந்த பாறைகளின்மேல் வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல அருவிநீர் இறங்கும். மலையின்மேல் தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் விழுந்து வரும் சிற்றாறு, பின்னர்ப் பேரருவியாய்ப் பாய்ந்து, பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக்குழியில் வீழ்ந்து பொங்கி, அதன் பின்னரே தரையை அடைகின்றது. அதில் நீராடி மகிழ நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். உடலும் உள்ளமும் குளிர்ந்து ஊர் திரும்புகின்றனர். ஆனால், தம்மேல் விழுந்த அந்நீர் அடுத்து எங்கே செல்கின்றது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அந்நீரைப் பின்தொடர்ந்து நாமும் சிறிது தொலைவு செல்வோம்.

சிற்றாறு தென்காசி வழியே ஓடி, குண்டாறு, அனுமாநதி முதலிய ஆறுகளின் நீரையும் பெற்றுக்கொண்டு, குளங்களை நிரப்பி, வயல்களை வளமாக்கிக் கிழக்கு நோக்கிச் செல்கின்றது. திருநெல்வேலிக்கு வடகிழக்கே சீவலப்பேரிக்கு அருகில் அது பொருநை எனப்படும் தாமிரபரணியோடு கலக்கின்றது. முக்கூடற் பள்ளு என்னும் நூலுக்குக் களமாக அமைந்த இடம் அதுவே. பொதிகை மலையில் தோன்றி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணி, பிறக்கும் இடமும் கடலிற் கலக்கும் இடமும் தமிழ்நாட்டிலேயே அமையப்பெற்ற ஆறாகும். அது வல்லநாடு, திருவைகுண்டம் ஆகிய ஊர்களைக் கடந்து, புன்னைக்காயலுக்கு அருகில் மன்னார் வளைகுடாவை அடைகின்றது.

இவ்வாற்றின் கழிமுகத்தில் பழங்காலத்தில் புகழோடு விளங்கிய துறைமுகம் கொற்கை. பாண்டிய நாட்டு முத்து அங்கிருந்தே பிற நாடுகளுக்குச் சென்றது. ஆறு கொணர்ந்த வண்டல் படிந்து படிந்து கடல் பின்வாங்கியமையால், கொற்கை இன்று கரையிலிருந்து விலகி உள்நாட்டு ஊராய் இருக்கின்றது. அதன் வடக்கே அமைந்த தூத்துக்குடியே இன்று அக்கடற்கரையின் பெருந்துறைமுகம். 1906 ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கழகத்தைத் தொடங்கியதும், 1908 ஆம் ஆண்டில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றதும் இந்நகரிலேயாம். 1974 ஆம் ஆண்டில் இது நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் சிதம்பரனாரின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

தாமிரபரணியின் நீர் வல்லநாட்டில் எடுக்கப்பட்டுக் குழாய்களின் வழியே தூத்துக்குடிக்கு வருகின்றது. ஆதலால், குற்றாலத்துப் பாறையில் தெறித்த துளிகளுட் சில தூத்துக்குடிப் பெண்களின் குடங்களிலும் நிறைகின்றன எனலாம். 1986 ஆம் ஆண்டு வரையில் குற்றாலமும் தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டம் என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டில் தூத்துக்குடியும், 2019 இல் தென்காசியும் தனித்தனி மாவட்டங்கள் ஆயின. மாவட்டங்கள் பிரிந்தாலும் ஆறு பிரியவில்லை.

உழவர் வழக்கில் தலைமடை, கடைமடை என்னும் இரு சொற்கள் உண்டு. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் உள்ள வயல் தலைமடை. அது முடியும் இடத்தில் உள்ள வயல் கடைமடை. தலைமடை உழவன் மடையைத் திறந்து விட்டால் அவனுக்கு நீர் கிடைத்துவிடும். கடைமடை உழவனோ, மேலே உள்ளவர் அனைவரும் பாய்ச்சிய பின்னர் எஞ்சும் நீருக்காகக் காத்திருத்தல் வேண்டும். நல்ல நீர் அவனுக்குக் கடைசியாக வரும். மேலிருந்து அடித்து வரும் குப்பையோ முழுமையாக வந்து சேரும். இக்குறையை அறிந்தே நம் முன்னோர் முறைவைத்து நீர் பாய்ச்சும் வழக்கத்தை வகுத்தனர். கடைமடைக்கும் பங்கு உண்டு, கடைமடைக்காரனுக்கும் ஊர்க்கூட்டத்தில் வாய் உண்டு என்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள்.

வாய்க்காலுக்கு உரிய இந்நீதி ஒரு நாட்டுக்கும் உரியதன்றோ? துறைமுக நகரங்களை நாட்டின் கடைமடைகள் என்றே சொல்லலாம். ஆறுகள் அங்கே முடிகின்றன. ஆறுகள் சுமந்து வரும் கழிவும் அங்கேயே முடிகின்றது. அதனோடு பெருந்தொழிற்சாலைகளும் அங்கேயே வந்து குவிகின்றன. இதற்குக் காரணம் எளிது. நிலக்கரியும் தாதுவும் எண்ணெயும் கப்பல் வழியே வருகின்றன. அவற்றை உள்நாட்டுக்குச் சுமந்து செல்வதைவிடக் கரையிலேயே எரிப்பதும் உருக்குவதும் வடிப்பதும் செலவு குறைந்த வழியாகும். ஆலைகளைக் குளிர்விக்கக் கடல்நீர் வேண்டிய அளவு கிடைக்கின்றது. செய்த பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புதலும் எளிது. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979 ஆம் ஆண்டில் மின்சாரம் தரத் தொடங்கியது. ஐந்து அலகுகளில் 1,050 மெகாவாட் ஆற்றலுடைய அந்நிலையத்துக்குரிய நிலக்கரி கடல்வழியாகவே வந்தது. அதன் மின்சாரம் பல ஊர்களில் விளக்கேற்றியது. அதன் சாம்பலோ தூத்துக்குடியிலேயே குவிந்தது.

இங்கேதான் ஒரு வினா எழுகின்றது. தொழிலின் பயன் நாடு முழுவதற்கும் செல்ல, அதன் புகையும் சாம்பலும் நச்சுநீரும் ஆலையின் அருகில் வாழ்வோருக்கு மட்டும் ஏன் வந்து சேர வேண்டும்? அவர் பெரும்பாலும் யாவர்? மீன்பிடிப்போர், உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாருவோர், கூலி உழவர், துறைமுகத்தில் சுமை தூக்குவோர். செல்வம் உடையவர் காற்று கெட்டால் வேறு தெருவுக்குக் குடிபெயர்வர். நீர் கெட்டால் விலைக்கு நீர் வாங்குவர். மீனவனுக்குக் கடலை விட்டு வேறு வயல் இல்லை. உப்பளத் தொழிலாளிக்கு உப்பளத்தை விட்டு வேறு கூரை இல்லை. நன்மையும் தீமையும் நேர்மையாகப் பகிரப்படுதல் வேண்டும். தீமையைத் தாங்குவோரைக் கேளாமல் எதுவும் முடிவு செய்யப்படலாகாது என்னும் கொள்கைக்குச் சுற்றுச்சூழல் நீதி என்று பெயர்.

இப்பெயர் உலகெங்கும் பரவக் காரணமாக இருந்தது அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு போராட்டம். 1982 ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்தின் வாரன் வட்டாரத்தில் நச்சு எண்ணெய் கலந்த மண்ணைப் புதைக்க அரசு முடிவு செய்தது. அங்கு வாழ்ந்தோருட் பெரும்பாலோர் ஏழைகளான கறுப்பின மக்கள். அவர்கள் சாலையில் படுத்து லாரிகளை மறித்தனர். நூற்றுக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். மண் அங்கே புதைக்கப்பட்டதை அவர்களால் தடுக்க இயலவில்லை. ஆயினும், நஞ்சைக் கொட்டுவதற்கு எப்பொழுதும் எளியவர் வாழும் இடமே தேர்ந்தெடுக்கப்படுவது ஏன் என்னும் அவர்களது வினா அழியாது நின்றது.

ஜப்பான் நாட்டின் மினமாட்டா விரிகுடாவின் கதை இதனினும் துயரமானது. அக்கரையில் இருந்த சிஸ்ஸோ என்னும் வேதிப்பொருள் ஆலை பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. பாதரசம் மீனின் உடலில் சேர்ந்தது. அம்மீனை உண்ட பூனைகள் பித்துப் பிடித்தவைபோல ஆடி மடிந்தன. பின்னர் மனிதர்க்கும் கை கால்கள் நடுங்கின, பார்வை மங்கியது, பேச்சுக் குழறியது. 1956 ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் இந்நோய் முறையாக அறிவிக்கப்பட்டது. 1959 இலேயே பல்கலைக்கழக ஆய்வாளர் பாதரசமே காரணம் எனக் கூறினர். எனினும் ஆலைக்கழிவே காரணம் என்று அரசு ஏற்றுக்கொண்டது 1968 ஆம் ஆண்டில்தான். நோயாளிகள் தொடுத்த வழக்கில் 1973 ஆம் ஆண்டு அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. நோய் அறியப்பட்ட நாளுக்கும் நீதி கிடைத்த நாளுக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் பிறந்த குழந்தைகள் சிலர் தாயின் வயிற்றிலேயே நஞ்சை உண்டு பிறந்தனர். கடைமடையின் குரலை உரிய காலத்தில் கேளாமையின் விலை இதுவாகும்.

இனி நம் தூத்துக்குடிக்கு வருவோம். செம்பு நமக்கு இன்றியமையாத உலோகம். மின்கம்பி, மின்பொறி, தொலைபேசி ஆகிய எதனையும் செம்பின்றிச் செய்தல் அரிது. செம்புத் தாதுவில் கந்தகமும் இரும்பும் கலந்திருக்கும். சிறிதளவில் ஆர்செனிக், ஈயம் முதலிய நச்சுப் பொருள்களும் இருத்தல் உண்டு. தாதுவை உலையிலிட்டு உருக்கும்போது கந்தகம் எரிந்து, கந்தக ஈராக்சைடு என்னும் வாயுவாகின்றது. அதனைப் பிடித்துக் கந்தக அமிலமாக மாற்றிவிடலாம். பிடிபடாது தப்பிய வாயு காற்றிற் கலந்தால் கண் எரியும், தொண்டை கமறும், மூச்சு முட்டும், பயிர் கருகும். இரும்பு கசடாகப் பிரிந்து மலைபோற் குவியும். எனவே செம்பு உருக்குதல் பெரும்பயன் உடைய தொழில். அதே வேளையில் பெருங்கவனம் வேண்டும் தொழில்.

ஸ்டெர்லைட் நிறுவனம் இத்தகைய ஆலை ஒன்றை முதலில் மகாராஷ்டிர மாநிலம் இரத்தினகிரியில் அமைக்க முயன்றது. மாந்தோப்புகளுக்குப் பேர்பெற்ற அவ்வூர் மக்கள் எதிர்த்தமையால் 1993 ஆம் ஆண்டில் அங்கே பணி நின்றது. 1994 ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1996 ஆம் ஆண்டில், தாது ஏற்றி வந்த கப்பலை மீனவர்கள் தம் படகுகளால் சூழ்ந்து நின்று எதிர்ப்பைத் தெரிவித்தனர். ஆயினும் ஆலை இயங்கத் தொடங்கிற்று. ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்கு மரங்கள் வளர்த்துப் பசுமை வளையம் அமைத்தல் வேண்டும் என்று முதலில் விதிக்கப்பட்டிருந்தது. பின்னர் அது 25 மீட்டராகக் குறைக்கப்பட்டது. மரங்கள் புகையையும் தூசியையும் ஓரளவு தடுக்கும் இயற்கை வேலியாகும். அவ்வேலி சுருங்கினால் துன்புறுவோர் அருகில் உள்ள சிற்றூர் மக்களே.

இவ்வாலைமேல் தொடுக்கப்பட்ட வழக்குகள் நெடுங்காலம் நடந்தன. 2010 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடுமாறு ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. 2013 மார்ச் மாதத்தில் ஒருநாள் காலையில் நகர மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் உற்றனர். ஆலையிலிருந்து வாயு கசிந்தது என்று கருதிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூட உத்தரவிட்டது. சில வாரங்களில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மீண்டும் இயங்க இசைவு அளித்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நாம் ஊன்றி நோக்கத்தக்கது. ஆலையை மூடவேண்டும் என்ற உயர் நீதிமன்ற ஆணையை அது நீக்கியது. எனினும், நிலத்தையும் நீரையும் காற்றையும் மாசுபடுத்தியமைக்காகவும், உரிய இசைவின்றிப் பலகாலம் இயங்கியமைக்காகவும் 100 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது.

ஆண்டுக்கு 4 இலட்சம் டன் செம்பு உருக்கும் ஆற்றல் உடைய அவ்வாலையை இருமடங்காக விரிவாக்க நிறுவனம் முற்பட்டது. 2018 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அ. குமாரரெட்டியார்புரம் என்னும் சிற்றூர் மக்கள் மரத்தடியில் அமர்ந்து அறப்போராட்டத்தைத் தொடங்கினர். பெண்களும் முதியோரும் குழந்தைகளும் நாள்தோறும் அங்கே கூடினர். பிற ஊர் மக்களும் வணிகரும் மீனவரும் அவர்களோடு சேர்ந்தனர். போராட்டத்தின் நூறாவது நாளாகிய மே 22 ஆம் நாள், பல்லாயிரம் பேர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. காவல்துறையினர் துப்பாக்கியால் சுட்டதில் 13 பேர் உயிரிழந்தனர். இதனை ஆராய அரசு அமைத்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், 2022 ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில் காவல்துறையின் செயலைக் கண்டித்தது. நல்ல காற்றையும் நல்ல நீரையும் கேட்கச் சென்றவர் உயிரையே கொடுத்துத் திரும்பாமற் போயினர் என்பது தமிழ்நாட்டு வரலாற்றில் ஆறாத வடுவாகும்.

2018 மே 28 ஆம் நாள் தமிழ்நாடு அரசு ஆலையை நிலையாக மூட ஆணையிட்டது. நிறுவனம் மீண்டும் வழக்காடியது. சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஆம் ஆண்டில் அரசின் ஆணை சரியே எனத் தீர்ப்பளித்தது. 2021 ஆம் ஆண்டு கொரோனா நோய் கடுமையாகப் பரவியபோது, உச்ச நீதிமன்றத்தின் இசைவோடு அங்கே உயிர்வளி மட்டும் சிலகாலம் உற்பத்தி செய்யப்பட்டது. இறுதியாக 2024 பிப்ரவரி 29 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆலையை மூடுதல் முதல் வழியாக இருத்தலாகாது. ஆயினும் விதிமீறல்கள் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தமையால் வேறு வழியில்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இந்நிகழ்ச்சியை ஒருபுறமாக மட்டும் நோக்குதல் நேர்மையன்று. ஆலை மூடியதால் அங்கே பணியாற்றியோரும், அதனைச் சார்ந்து லாரி ஓட்டியோரும், சிறுதொழில் நடத்தியோரும் பிழைப்பை இழந்தனர். அவரும் அந்நகரத்து எளியவரே. நாட்டின் செம்பு உற்பத்தியில் பெரும்பங்கு குறைந்து, செம்பை வெளிநாட்டிலிருந்து மிகுதியாக வாங்கும் நிலை வந்தது. ஆகவே, தொழில் வேண்டுமா, தூய காற்று வேண்டுமா என்று கேட்பது பிழையான கேள்வி. இரண்டும் வேண்டும் என்பதே மக்கள் விருப்பம். தொடக்கத்திலேயே ஊராரைக் கேட்டு, தகுந்த இடம் தேர்ந்து, வகுத்த விதியை வழுவாது காத்திருந்தால், உயிரும் போயிராது, தொழிலும் போயிராது. பின்னர்க் கேட்கும் நீதிக்குச் செலவு மிகுதி. முன்னரே கேட்கும் நீதிக்குச் செலவு குறைவு.

அவ்வாறு முன்னரே கேட்பதற்குரிய வழிகளை நம் நாட்டுச் சட்டங்கள் சிறிது சிறிதாக வகுத்துள்ளன. 1974 ஆம் ஆண்டில் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், 1981 இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும், 1986 இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தன. காடு, ஏரி, ஆறு, காட்டுயிர் ஆகியவற்றைக் காத்தல் ஒவ்வொரு குடிமகனின் கடமை என்னும் தொடர் 1976 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியலமைப்பில் இடம்பெற்றது. பாலாற்றைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கெடுத்ததுபற்றி வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், 1996 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இரு பெருங்கொள்கைகளை நிலைநாட்டியது. மாசு செய்தவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்பது ஒன்று. தீங்கு நேரும் என்று அஞ்சத்தக்க இடத்தில், அது முழுதும் மெய்ப்பிக்கப்படும் வரை காத்திராமல் முன்னரே தடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. நோய் வந்தபின் மருந்து தேடுவதினும் வருமுன் காத்தல் நன்று என்னும் நம் நாட்டு அறிவே அங்குச் சட்டமாயிற்று.

1997 ஆம் ஆண்டில், பெருந்தொழில்களுக்கு அனுமதி வழங்குமுன் பொதுமக்களின் கருத்தைக் கேட்டல் வேண்டும் என்னும் விதி வந்தது. தூத்துக்குடிச் செம்பு ஆலை அனுமதி பெற்ற காலத்தில் இவ்விதி இல்லை. இன்று ஓர் ஊரில் புதிய ஆலை வருவதாயின், அதனால் விளையும் நன்மை தீமைகளைக் கூறும் ஆய்வுரையின் சுருக்கம் தமிழிலும் வெளியிடப்படுகின்றது. ஊரார் கூடிய அவையில் எவரும் எழுந்து வினவலாம். ஆனால் கூட்டம் கூடினால் மட்டும் போதாது. அவ்வுரையைப் படித்து அறிந்தவர், எண்ணும் அளவும் தெரிந்தவர், அஞ்சாது கேட்பவர் அவ்வூரில் இருத்தல் வேண்டும். கல்வியின் பயன்களுள் இதுவும் ஒன்று.

சென்னைக்கு வடக்கே எண்ணூரில், துறைமுகங்களுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் இடையே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் மீனவர் வாழ்கின்றனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு அவர்தம் வலைகளிலும் படகுகளிலும் படிந்தது. அதே மாதம் 26 ஆம் நாள் இரவு, உர ஆலைக்குரிய கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினர். மாசு பற்றிய கணக்கு அறிஞரின் ஏட்டில் ஏறுமுன்னர் மீனவரின் வலையில் ஏறிவிடுகின்றது. எந்த மீன் குறைந்தது, நீரின் நிறம் எந்நாளில் மாறியது என்பதை அவர்களே முதலில் அறிவர். அவர்களது அறிவையும் சான்றாகக் கொள்ளுதல் நீதியின் ஒரு பகுதியாகும்.

இவ்வாறு கேட்டால் நல்ல வழி பிறக்கும் என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகம் எடுத்துக்காட்டாகும். கரையில் நிற்கும் கப்பல்கள் தம் மின்சாரத் தேவைக்காக இரவும் பகலும் எண்ணெய்ப் பொறிகளை ஓட்டும். அப்புகை அருகில் உள்ள குடியிருப்புகளைச் சூழும். அங்குப் புதிய சரக்குத்துறை ஒன்று அமைக்கப்பட்டபோது, சான் பெட்ரோ பகுதி மக்கள் 2001 ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். 2003 ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. கரையிலிருந்தே கப்பலுக்கு மின்கம்பி வழியே மின்சாரம் வழங்கும் ஏற்பாடு அதனால் வந்தது. துறைமுகம் மூடப்படவில்லை, வணிகம் நிற்கவில்லை, புகை குறைந்தது. தொழிலுக்கும் மக்களுக்கும் பகைமை இயற்கையானதன்று என்பது இதனால் விளங்கும்.

துறைமுக நகரத்தார் செய்ய வேண்டியவை இவை என்று கூறிவிட்டு, மலையடிவாரத்தில் வாழும் நாம் கைகட்டி நிற்கலாமா? தலைமடையில் இருப்போர்க்கே பொறுப்பு மிகுதி. குற்றாலத்தில் நீராடுவோர் எண்ணெயும் சீயக்காய்ப் பொடிகளும் சோப்பும் பயன்படுத்தி, அவற்றின் உறைகளை அங்கேயே எறிந்து செல்வதால் அருவிநீர் கெட்டது. இதனைத் தடுக்க, 2014 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது என்று தடை விதித்தது. ஒருவர் எறியும் உறை மிகச் சிறியது. ஆனால் சாரற்காலத்தில் வரும் இலட்சக்கணக்கானோரின் உறைகள் சேர்ந்தால், வாய்க்காலை அடைக்கும்; குளத்தில் மிதக்கும்; ஆற்றோடு சென்று கடலில் ஆமையின் வயிற்றிலும் மீனின் செவுளிலும் சிக்கும். ஆற்றங்கரை ஊர்கள் தம் சாக்கடையைத் தூய்மையாக்காமல் ஆற்றில் விட்டால், கீழே உள்ளோர் அதனையே குடிநீராக மொண்டு குடிக்க நேரும். நாம் ஏற்றும் விளக்கும், சுழற்றும் விசிறியும், பேசும் தொலைபேசியும் எங்கோ ஒரு கடற்கரையில் எரிந்த நிலக்கரியாலும் உருகிய செம்பாலும் ஆனவை. அவற்றின் பயனை நுகரும் நமக்கு அவற்றின் சுமையிலும் பங்கு உண்டு.

எனவே, ஆற்றின் மேற்பகுதியில் வாழ்வோர் நீரைத் தூயதாகவே கீழே விடுதல் வேண்டும். தொழில் நடத்துவோர் தம் கழிவைத் தாமே தூய்மை செய்தல் வேண்டும். அரசு, முடிவு செய்யுமுன் ஊராரைக் கேட்டல் வேண்டும். விதியை வகுத்தபின் அதனைத் தளர்த்தாது காத்தல் வேண்டும். கற்றோர், கல்லாதோர்க்கு அவ்விதிகளை எடுத்துரைத்தல் வேண்டும். கடைமடை வயலுக்கும் நல்ல நீர் பாய்ந்தால்தான் வாய்க்கால் முறையாக ஓடுகின்றது என்று உழவர் கூறுவர். அதுபோல, கடற்கரையின் கடைசிக் குடிசையில் வாழும் குழந்தையும் நல்ல காற்றை உயிர்த்து, நல்ல நீரைப் பருகி வளர்ந்தால்தான் நாட்டில் நீதி நிலவுகின்றது என்று நாம் கூறலாம்.